சொல்லாமல் விட்ட கடி



"அம்மா, நாய் கடிச்சிருச்சு" என்று அழுதுகொண்டே வரும் பிள்ளைக்கு வீட்டில் முதலில் என்ன கிடைக்கிறது? மனதைத் தொட்டுச் சொல்லுங்கள். பல வீடுகளில் முதலில் கிடைப்பது திட்டுதான். "உன்னை யாரு அந்தத் தெருப்பக்கம் போகச் சொன்னது?" "நாய்கிட்ட வம்பு பண்ணாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" சில வீடுகளில் முதுகில் ஒன்று விழவும் செய்யும்.

அடுத்த முறை நாய் பிறாண்டினால் அந்தப் பிள்ளை வாயைத் திறக்குமா? பேன்ட்டைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு ஹோம்வொர்க் எழுத உட்கார்ந்துவிடும். நமக்கும் தெரியாது.

செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம். இந்த நோய்க்குத் தடுப்பூசி கண்டுபிடித்த லூயி பாஸ்டர் 1895-ல் மறைந்த நாள் அது. அதையொட்டி எழுத உட்கார்ந்தபோது, ஊசி, மருந்து எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் சொல்லத் தோன்றியது. வெறிநாய்க்கடியில் உயிர் போகிறது என்றால், பெரும்பாலும் யாரோ ஒருவர் கடித்ததைச் சொல்லாமல் விட்டிருப்பார். இல்லையென்றால், சொன்னதைக் கேட்டவர் "சின்னக் கீறல்தானே, பார்த்துக்கலாம்" என்று விட்டிருப்பார்.

உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு, ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் ரேபிஸால் இறக்கிறார்கள் என்கிறது. ரேபிஸ் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுபவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். அதாவது, வீட்டில் திட்டு விழுமோ என்று பயப்படுகிற வயதில் இருப்பவர்கள்.

மற்ற நோய்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்து டாக்டரிடம் போகிறோம். ரேபிஸில் அப்படிப் பொறுத்துப் பார்க்க முடியாது. கடித்த இடத்தில் நுழையும் வைரஸ், நரம்பு வழியாக மெல்ல மூளைக்கு ஏறுகிறது. பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திலும் வரலாம், ஓராண்டு கழித்தும் வரலாம். அந்த இடைவெளியில் வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. காயம் ஆறி, தழும்பும் மங்கி, நாமும் மறந்துபோயிருப்போம். தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகும் அறிகுறி வந்துவிட்டால், அதன் பிறகு எந்த ஆஸ்பத்திரியிலும் காப்பாற்றுவதற்கு வழியில்லை. மரணம் ஏறக்குறைய நிச்சயம்.

ஆனால் அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைத்த வாய்ப்பும்கூட. வைரஸ் மூளையைத் தொடுவதற்கு முன்பே தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கிவிட்டால், நோயே வராது. கடித்த பிறகு ஊசி போட்டுத் தடுக்க முடிகிற நோய்கள் உலகத்தில் எத்தனை இருக்கின்றன?

2025-ல் உத்தரப்பிரதேசத்தில் ஓர் இளம் கபடி வீரர் இறந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். சாக்கடையில் விழுந்து தவித்த நாய்க்குட்டியைத் தூக்கிவிட்டார். குட்டி லேசாகக் கடித்தது. விளையாட்டில் படுகிற அடிகளோடு ஒப்பிட்டால் அது ஒரு காயமே இல்லை என்று நினைத்தார், ஊசி போட்டுக்கொள்ளவில்லை. சில மாதங்களில் போய்விட்டார். நல்ல உடம்பு, நல்ல மனசு. இரண்டும் ரேபிஸுக்குக் கணக்கில்லை. "குட்டி நாய்தானே" என்ற பேச்சும் இங்கே செல்லாது.

சரி, கடித்துவிட்டது. என்ன செய்வது?

குழாயைத் திறங்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து, 15 நிமிடம் கழுவுங்கள். சாதாரணத் துணிசோப்பு போதும். ரேபிஸ் வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. சோப்பு பட்டால் அது சிதைந்துவிடும். பதினைந்து நிமிடம் என்பது கேட்பதற்குத்தான் சுலபம், அழுகிற பிள்ளையைப் பிடித்து நிறுத்திக் கழுவும்போது அது ரொம்ப நேரம். இருந்தாலும் விடாதீர்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள் எதையும் அப்பாதீர்கள். மந்திரிக்கவும் வேர்மருந்து வாங்கவும் போகிற நேரத்தில் பஸ் பிடித்தால் ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம்.

அடுத்தது ஆஸ்பத்திரி. இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். பக்கத்து கிளினிக்கில் ஒரு டி.டி. ஊசி போட்டுக்கொண்டு வந்து, "நாய்க்கடிக்கு ஊசி போட்டாச்சு" என்று நிம்மதியாக இருப்பவர்கள் நம்மிடையே உண்டு. டி.டி. என்பது டெட்டனஸுக்கான ஊசி. அதுவும் வேண்டியதுதான். ஆனால் அது ரேபிஸைத் தடுக்காது. "இது ரேபிஸ் தடுப்பூசிதானே?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

எந்தக் காயத்துக்கு என்ன சிகிச்சை என்பதும் ஓரளவு தெரிந்திருப்பது நல்லது. நாயைத் தடவிக் கொடுத்தோம், சோறு வைத்தோம், காயமில்லாத தோலை நக்கியது என்றால் கழுவினால் போதும், ஊசி வேண்டாம். ரத்தம் வராத கீறல், பல் லேசாகப் பட்ட தடம் என்றால் தடுப்பூசி வேண்டும். ரத்தம் வந்த கடி, கீறல், அல்லது ஏற்கெனவே உள்ள புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டது என்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் சேர வேண்டும். பூனை, குரங்கு கடித்தாலும் பிறாண்டினாலும் இதே கதைதான்.

இந்த இம்யூனோகுளோபுலின் எதற்கு? தடுப்பூசி போட்டதும் உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் தயாரிக்க ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். அதுவரை காவல் வேண்டாமா? ஏற்கெனவே தயாரான எதிர்ப்புப் பொருளைக் காயத்தைச் சுற்றியே நேராகச் செலுத்துகிறார்கள். முகம், தலை, கழுத்து, கைகளில் கடி என்றால் இது மிக அவசியம். நரம்புகள் அடர்ந்த இடங்கள் அவை. முகமும் தலையும் மூளைக்கு வெகு பக்கம். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இல்லையென்றால் ஜி.ஹெச்.சுக்கு அனுப்புவார்கள். "அங்க போ, இங்க போன்னு அலைய விடறாங்க" என்று அலுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். அன்றைக்கே போய்விடுங்கள்.

"ஊசி போட்டும் செத்துப்போறாங்களே?" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. 2025 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்தில் ஊசி போடத் தொடங்கியிருந்தும் குழந்தைகள் இறந்த செய்தி நம் எல்லோரையும் கலங்க வைத்தது. தலையில் ஆழமாகக் கடிபட்டாலோ, காயம் சரியாகக் கழுவப்படாவிட்டாலோ, வைரஸ் நேரடியாக நரம்புக்குள் புகுந்துவிட்டாலோ இப்படி நடக்கலாம் என்கிறார்கள் மருத்துவர்கள். ஆனால் அப்படி நடப்பது மிக அபூர்வம். காயம் கழுவுதல், தடுப்பூசி, இம்யூனோகுளோபுலின் மூன்றும் நேரத்தில் கிடைத்தவர்கள் ஏறக்குறைய எல்லோருமே பிழைத்துக்கொள்கிறார்கள். அந்தச் செய்தியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, இன்னும் சீக்கிரம் ஓட வேண்டும் என்பதைத்தான். "ஊசி போட்டு என்ன பிரயோஜனம்" என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னொரு பயம் இருக்கிறது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி! அந்தப் பயம் கதையல்ல, உண்மையில் அப்படித்தான் இருந்தது. 1911-ல் டேவிட் செம்பிள் என்ற மருத்துவர் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் உருவாக்கிய மருந்து அது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்தது. தினம் ஒன்றாக வயிற்றில் போட்டார்கள். வலியும் அதிகம், சிலருக்குப் பக்கவிளைவும் கடுமை. 2005-க்குப் பிறகு இந்தியாவில் அந்த ஊசியே கிடையாது. இன்று போடுவது கையில், மேல்தோளில். சின்னக் குழந்தைகளுக்குத் தொடையில்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால், தமிழ்நாட்டில் நாய் கடித்தால் கசௌலிக்கு ரயிலேற வேண்டியிருந்த காலமும் உண்டு. போய்ச் சேர்வதற்குள் நாள்கள் கரைந்துவிடும். அந்த அவலத்தைத் தீர்க்கத்தான் 1907-ல் நம் குன்னூரில் பாஸ்டர் ஆய்வகம் தொடங்கினார்கள். தென்னிந்தியாவுக்கே நாய்க்கடி மருந்து தந்த இடம் அது. அன்று இமயமலை வரை போய்த் தேடியது இன்று பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். நாம் போக மாட்டேன் என்றால் யார் என்ன செய்ய முடியும்?

இனி, எல்லோரும் சறுக்குகிற இடத்துக்கு வருகிறேன். முதல் ஊசிக்கு அப்பா, அம்மா, சித்தப்பா என்று வீடே திரண்டு போகும். இரண்டாவதுக்கு அம்மா மட்டும் போவார். மூன்றாவது ஊசி நாளில் ஸ்கூலில் டெஸ்ட். கடைசி ஊசி? காயம்தான் ஆறிவிட்டதே!

அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் நான்கு தடவை போட வேண்டும். முதல் ஊசி போட்ட நாள்தான் 0. ஒன்றாம் தேதி முதல் ஊசி என்றால், அடுத்தவை 4, 8, 29-ம் தேதிகளில். தனியார் மருத்துவமனைகளில் பெரும்பாலும் தசையில் போடுவார்கள். அதற்கு ஐந்து தடவை, நடுவில் 15-ம் தேதியும் சேரும். வீட்டு காலண்டரில் பால் கணக்கு எழுதும் அதே பேனாவால் இந்தத் தேதிகளையும் வட்டம் போட்டு வையுங்கள். ஒரு தேதி தவறிவிட்டால், "போச்சு, இனிமே எதுக்கு" என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த நாளே போய் மருத்துவரிடம் சொல்லித் தொடருங்கள். கடித்துப் பல நாள் கழித்துத்தான் தெரியவந்தது என்றாலும், உடனே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். நோய் வருவதற்கு முன்னால் எந்த நாளும் தாமதமில்லை.

கடித்த நாய் பத்து நாள் கழித்தும் நல்லபடியாக இருந்தால், மீதி ஊசிகள் வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்யலாம். ஆனால் நாயைப் பார்த்துக்கொண்டே முதல் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். பத்தியம் எதுவும் கிடையாது. கறியும் மீனும் நீங்கள் சாப்பிடுகிறபடியே சாப்பிடலாம். வெறிநாய் கடித்த மாட்டின் பாலைத் தெரியாமல் காய்ச்சிக் குடித்துவிட்டோமே என்று ஊரே பதறுவதுண்டு. காய்ச்சிய பாலால் ரேபிஸ் வராது. பதற வேண்டியது அந்த மாட்டின் வாய்க்குள் கைவிட்டவர், எச்சில் பட்டவர் மட்டும்.

வீட்டு விஷயம் இவ்வளவு. நாட்டு விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. அதுவும் இந்தச் சொல்லாமல் விடுகிற பழக்கம்தான்.

2024-ல் இந்தியா முழுவதும் பதிவான நாய்க்கடிகள் 37 லட்சத்துக்கும் மேல். ரேபிஸ் என்று சந்தேகிக்கப்படும் மரணங்கள் 54. இது மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு. அதே ஆண்டில் தமிழகத்தின் பொது சுகாதாரத் துறை பதிவு செய்தது சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள், 43 ரேபிஸ் மரணங்கள். நாடு முழுவதற்கும் 54, அதில் நம் மாநிலம் மட்டுமே இத்தனையா? நம்பும்படியாகவா இருக்கிறது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 15 மாநிலங்களில் 60 மாவட்டங்களில் வீடு வீடாகப் போய் விசாரித்தது. 2022 மார்ச்சில் தொடங்கி 2023 ஆகஸ்ட் வரை நடந்த ஆய்வு. ஆண்டுக்கு ஏறத்தாழ 91 லட்சம் விலங்குக் கடிகள், 5,726 ரேபிஸ் மரணங்கள் இருக்கலாம் என்று அது மதிப்பிட்டது. கடிபட்டவர்களில் ஐந்தில் ஒருவர் ஒரு தடுப்பூசிகூடப் போட்டுக்கொள்ளவில்லை. 54 எங்கே, 5,726 எங்கே? நடுவில் இருப்பவர்கள் எல்லாம் யாருடைய கணக்கிலும் வராமல் போனவர்கள். மூளைக் காய்ச்சல் என்றோ, பேய் பிடித்தது என்றோ, காரணம் தெரியவில்லை என்றோ வீட்டிலேயே முடிந்துபோன கதைகள்.

தமிழகத்தின் 43-ஐப் பார்த்து நாம் வெட்கப்படுவதா? ஒவ்வொரு உயிருக்கும் வருந்த வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எண்ணிப் பார்த்து வெளியே சொன்னதற்காக வெட்கப்பட வேண்டாம். எண்ணாத ஊரில் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. மனித ரேபிஸைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்குங்கள் என்று மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டதும் இதனால்தான். 2030-க்குள் நாய்வழி ரேபிஸை ஒழிக்கும் தேசியச் செயல்திட்டமும் 2021 செப்டம்பர் 28-ல் வெளியானது. கணக்கு சரியில்லாமல் எந்தத் திட்டம் நிறைவேறும்?

"ஆஸ்பத்திரி நோட்டில் பெயர் எழுதுவதால் எனக்கென்ன லாபம்?" என்று கேட்கலாம். ஒரே வாரத்தில் ஒரே தெருவிலிருந்து மூன்று பேர் நாய்க்கடிக்கு வந்தால், அந்த நோட்டைப் பார்க்கிற சுகாதார ஆய்வாளருக்கு விஷயம் புரிந்துவிடும். கால்நடைத் துறைக்குத் தகவல் போகும். அந்த நாயைத் தேடுவார்கள். அது கடித்த மற்றவர்களையும் தேடுவார்கள். சுற்றியுள்ள நாய்களுக்கு ஊசி போடுவார்கள். எத்தனை ஊசிமருந்து எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பதும் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது. நீங்கள் சொல்லும் ஒரு வரி, முகம் தெரியாத ஒரு பிள்ளையைக் காப்பாற்றலாம்.

தெருவில் ஒரு நாய் காரணமில்லாமல் கண்டதையெல்லாம் கடித்து, எச்சில் வடிய, தடுமாறிச் சுற்றி இறந்துபோனால், சத்தமில்லாமல் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறோம். அப்படிச் செய்யாமல் கால்நடை மருத்துவருக்கோ உள்ளாட்சி அலுவலகத்துக்கோ சொல்லுங்கள். அதன் மூளை மாதிரியைப் பரிசோதித்தால்தான் ரேபிஸா இல்லையா என்று உறுதியாகும். வெறுங்கையால் தொட வேண்டாம்.

நாய்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே இன்று அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு கட்சி. சோறு வைப்பவர்கள் ஒரு பக்கம், விரட்டச் சொல்பவர்கள் ஒரு பக்கம். உச்ச நீதிமன்றமே 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி, அதே மாதத்தில் அதைத் திருத்தியது. கருத்தடை செய்து தடுப்பூசி போட்டவற்றைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிபிடித்தவையும் மூர்க்கமானவையும் மட்டும் வேண்டாம் என்றது. நீங்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. ஊசி போட்ட நாய் தெருவில் இருப்பது, ஊசி போடாத நாய் இருப்பதைவிட எல்லோருக்கும் நல்லது. இதில் யாருக்காவது மறுப்பு உண்டா?

ஒரு பகுதியில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது நின்றுவிடும் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட கணக்கு. சென்னையில் 2024-ல் எடுத்த கணக்கெடுப்பில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள். அப்படியென்றால் ஏறத்தாழ 1.26 லட்சம் நாய்களுக்குப் போட வேண்டும், புதிதாகப் பிறப்பவற்றையும் சேர்த்து ஆண்டுதோறும். பெரிய வேலைதான். ஆனால் முடியாத வேலை இல்லை. கோவாவில் செய்து காட்டியிருக்கிறார்கள். மாநில அரசும் 'மிஷன் ரேபிஸ்' அமைப்பும் சேர்ந்து, வலை வீசி நாய்களைப் பிடித்து ஊசி போட்டார்கள். பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்தினார்கள். சந்தேகமான நாயைப் பற்றிச் சொல்லத் தொலைபேசி எண் கொடுத்து, அழைப்பு வந்ததும் ஆள் அனுப்பினார்கள். 2018, 2019 ஆண்டுகளில் அங்கே ஒரு மனித ரேபிஸ் மரணம்கூடப் பதிவாகவில்லை. ஊசி பாதி என்றால், மக்கள் போன் எடுத்துச் சொன்னது மீதி.

ஆகவே, தடுப்பூசி போடும் வண்டி உங்கள் தெருவுக்கு வரும்போது கேட்டைச் சாத்திக்கொள்ளாதீர்கள். தினமும் சோறு வைப்பவர் நீங்கள்தான் என்றால், நாய் உங்கள் பேச்சைத்தான் கேட்கும். நீங்களே பிடித்துக் கொடுங்கள். வீட்டு நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு கால்நடை மருத்துவர் சொல்கிறபடி ஆண்டுதோறும். "எங்க ஜிம்மி வெளியவே போகாது" என்பது காரணமாகாது.

ஆசிரியர்களே, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். நாய் துரத்தினால் ஓடாதே, மரம் மாதிரி அசையாமல் நில். தூங்குகிற, தின்கிற, குட்டி போட்ட நாயின் பக்கம் போகாதே. கடித்தால், கீறினால், முதலில் பார்க்கிற பெரியவரிடம் சொல். யாரும் திட்ட மாட்டார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை மெய்யாக்குவது பெற்றோரின் பொறுப்பு.

உங்கள் அனைவரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ, உங்கள் வீட்டில் வேலை செய்பவரின் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ பாதியில் நின்றுபோன நாய்க்கடி ஊசி இருக்கிறதா? இரண்டு போட்டுவிட்டு மூன்றாவதுக்குப் போகாதவர் யாராவது உண்டா? கேட்டுப் பாருங்கள். இருந்தால் இந்த இதழை மூடி வைத்துவிட்டு முதலில் அந்தச் சீட்டைத் தேடி எடுங்கள். நாளைக் காலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவரைக் கையோடு அழைத்துப் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்